பெயர் எழுதாத பதினேழு குப்பிகள்

ஆடி மழையில் கைதவிளையில் பூ என்று சொல்ல எதுவும் இருக்காது, ரப்பர் மரங்கள் நனைந்து இருட்டடித்து நிற்கும், முருங்கை உதிர்த்துவிட்டிருக்கும், நாவலும் புளியும் தங்கள் காலத்தை முடித்துக்கொண்டிருக்கும், தேனீக்கள் பெட்டிக்குள் ஒடுங்கி, ஆட்கள் வைக்கும் சீனிப்பாகைக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், இது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்படியிருக்க, அந்த வருஷம் ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலையில் ரோஸ்லெட் தன் முற்றத்துப் பெட்டிகள் மூன்றில் ஒன்றைத் திறந்தபோது, ஏழு சட்டங்களிலும் தேன் நிறைந்து, மேலே வெள்ளை மெழுகு மூடி, எடுக்கும் பருவத்தில் இருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். பக்கத்து வீட்டுப் புஷ்பபாய், பாவம் இவள் மகளைப் பார்ப்பாளா பெட்டியைப் பார்ப்பாளா என்று இரக்கப்பட்டு, சீனிப்பாகை வாளி கணக்கில் ஊற்றிவிட்டாள் என்று நினைத்தாள். பாகு குடித்து ஈ வைக்கிற தேன் ரோஸ்லெட்டுக்கு ஆகாது. கைதவிளை தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய நாக்குதான் நாக்கு, யார் தேன் கொண்டுவந்தாலும் அவள் ருசி பார்த்து, இது ரப்பர், இது வேம்பு, இது முருங்கை, இதில் முருங்கையோடு கொஞ்சம் எள்ளும் கலந்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் குப்பியில் சீட்டு ஒட்டுவார்கள். சொந்த அண்ணன் கொண்டுவந்த தேனையே "இது சீனி" என்று நாலு பேர் முன்னால் திருப்பி அனுப்பியவள், அதிலிருந்து அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கும் அழைப்பில்லாமல் போனவள். அவள் ருசி பார்ப்பதைச் சும்மா நின்று பார்க்கவே ஆள் வரும். தென்னை ஈர்க்கிலின் நுனியில் ஒரு துளி தொட்டு நாக்கின் நடுவில் வைப்பாள், கண்ணை மூடுவாள், மூன்று மூச்சு விடுவாள், பிறகு பக்கத்தில் இருக்கும் சிரட்டையில் துப்பிவிட்டு, உப்புப் போடாத கஞ்சித்தண்ணியால் வாய் கொப்பளித்து அடுத்த குப்பிக்குப் போவாள். விழுங்க மாட்டாள். விழுங்கினால் தேன் நமக்குச் சொந்தமாகிவிடும், அப்புறம் அதைப் பற்றி நியாயம் சொல்ல முடியாது என்பது அவள் கட்சி.

அன்றைக்கும் அப்படியே ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தாள். சீனி இல்லை. வேம்பும் இல்லை, ஏனென்றால் வேப்பந்தேனின் கசப்பு இனிப்புக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், இதில் கசப்புதான் முதலில் வந்தது, வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகிற எண்ணமே இல்லை. நாவலைப்போலக் கறுப்பு, ஆனால் நாவலின் துவர்ப்பு இல்லை. இத்தனை கெட்டியான தேனை அவள் வாழ்நாளில் தொட்டதில்லை, ஈர்க்கிலைத் தூக்கினால் சட்டமும் கூட வரும் போலிருந்தது. ஒரே இடத்திலிருந்து வந்த தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் என்ன பூ என்று அவளால் சொல்ல முடியவில்லை, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக.

துப்பிவிட்டு நிமிர்ந்தபோது தேனீக்கள் போகும் வழியைப் பார்த்தாள். மழைத் தூறலில் நூல் பிடித்த மாதிரி வரிசையாக, பெட்டி வாசலிலிருந்து கிளம்பி, முற்றத்தைக் கடந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாக அவள் மகள் பெல்சி படுத்திருந்த அறைக்குள் போய்க்கொண்டிருந்தன.

பெல்சிக்கு இருபத்தேழு வயது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவள். ஏழாம் மாதத்தில் வலி வந்து, பெண் குழந்தை, மூச்சில்லாமல் பிறந்தது. வெள்ளைத் துவர்த்துத் துண்டில் சுற்றித் தந்தார்கள். பெல்சி மயக்கம் தெளிந்து கையை நீட்டியபோது ரோஸ்லெட்தான், "பாக்கண்டாம் மக்ளே, பாத்தா மனசுல நின்னுபோவும்" என்று சொல்லித் துவர்த்தை மூடித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள், எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். மூச்சு விடாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது, பெயரும் கிடையாது என்பதால் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ஒரு செங்கல்லை அடையாளம் வைத்து அடக்கினார்கள். பெல்சியின் புருஷன் வளைகுடாவிலிருந்து வந்து பதினைந்து நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், லீவு முடிந்து போனான். பெல்சி குழந்தை போன அன்று படுத்தவள்தான், மல்லாந்து உத்தரத்தைப் பார்த்தபடி, பேசவில்லை, ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

அவளை அழவைக்க ஊர் செய்யாததில்லை. ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிட்டால் எழுந்துவிடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பெண்கள் கூட்டமாக வந்து அவள் முன்னால் உட்கார்ந்து தங்கள் பங்குக்கு அழுது காட்டினார்கள், ஒருத்தி கன்னத்தில் அறைந்தும் பார்த்தாள், புஷ்பபாய் ஒரு கிலோ உள்ளியைத் தலைமாட்டில் உட்கார்ந்து உரித்து, தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பெல்சியின் கண்கள் கிணறுபோல நிறைந்து நின்றன, வழியவில்லை.

அந்தக் கண்ணோரத்தில்தான் தேனீக்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று குடித்து முடிக்கும்வரை அடுத்தது புருவத்தில் காத்திருந்தது, அதற்குப் பின்னால் நெற்றியில் இரண்டு, தள்ளுமுள்ளு இல்லாமல், ரேஷன் கடையில்கூட அந்த ஒழுங்கைப் பார்க்க முடியாது. பெல்சி இமைக்காமல் கிடந்தாள். ரோஸ்லெட் விரட்டக் கையைத் தூக்கினாள், தூக்கிய கையை இறக்கிவிட்டாள், ஏனென்றால் நாற்பது நாளில் முதல் தடவையாக மகளின் நெற்றிச் சுருக்கம் சற்றுத் தளர்ந்திருந்ததை அவள் பார்த்தாள்.

விஷயம் சங்கத்துக்குப் போனது. செயலாளர் குமாரதாஸ் சட்டதிட்டம் பார்க்கிற மனுஷன், ஒவ்வொரு குப்பியின் சீட்டிலும் 'பூவின் பெயர்' என்ற இடம் நிரம்பியிருக்க வேண்டும் அவருக்கு. கமிட்டி கூடி ஒரு முழுக் காலைநேரம் பேசியது. மனுஷி பூவாவாளா என்று ஒருவர் கேட்டார். அதற்குக் குமாரதாஸ், "பூவுல இருந்து வந்தாத்தான் தேனுன்னு எவன் சொன்னான்? ரப்பர் தேன் எங்கேருந்து வருது, பூவுலயா? இலைக்காம்புலயாக்கும் சுரக்குது. அத நாம வருசம் வருசமாட்டு ரப்பர் பூத்தேன்னுதானே எழுதுதோம்? காம்புல சுரந்தா ஆவும், கண்ணுல சுரந்தா ஆவாதா?" என்று கேட்டார். பிறகு எல்லோரும் ரோஸ்லெட்டைப் பார்த்தார்கள், கலப்பு உண்டா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

"ஒண்ணும் கலக்கல்ல. ஒரே எடத்துத் தேனாக்கும்" என்றாள் அவள், தன் மகளைப் பற்றி.

பெயர் தெரிகிறவரை அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைப்பது என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலைந்தார்கள்.

அந்தத் தேனை முதலில் விழுங்கியது பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற ஸ்டான்லி. இருமலுக்கு என்று கேட்டு வாங்கி ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு சாலைக்குப் போனவர், பஸ் நிறுத்தத்தில் நின்றபடி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன தம்பிக்காக ஒரு மணி நேரம் அழுதார். தம்பி செத்த அன்று அவருக்கு டூட்டி, பஸ்ஸை நிறுத்திவிட்டு வர முடியவில்லை, அப்புறம் அழ நேரம் வாய்க்கவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்தி, எதிர்க் கடையில் இரண்டு வடை தின்றுவிட்டு, உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன்பிறகு ஊர் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமை காலைகளில் ரோஸ்லெட்டின் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவரவர் கரண்டியை அவரவர் கொண்டுவர வேண்டும், இரண்டாவது கரண்டி கேட்கக் கூடாது, யாருக்காக அழுகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்று யாரும் போடாமலே ஒரு முறை உண்டாகிவிட்டது. போதகர் ஆராதனைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இதற்கு விரோதமாக ஒன்றும் இல்லை என்றார். பத்ரகாளி கோயில் பூசாரியும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார், அவருக்கும் ஏதோ இருந்திருக்கிறது. சாவு வீடுகளில், அழ முடியாமல் விறைத்து நிற்கும் மூத்த மகன்களுக்கு ஒரு துளி நாக்கில் வைப்பது வழக்கமானது. ஊரில் முகங்கள் தெளிந்தன, கூலியாட்கள்கூட முன்னைப்போல் சண்டை போடுவதில்லை என்றார்கள்.

ரோஸ்லெட் மட்டும் கரண்டி எடுக்கவில்லை. அவள் தன் தொழில் வழக்கப்படி வாராவாரம் எடுக்கிற தேனில் ஒரு சின்னக் குப்பி மாதிரிக்கு எடுத்து, தேதி எழுதி, அடுக்களை அலமாரியில் வைத்தாள், ஈர்க்கில் தொட்டு ருசி பார்த்தாள், துப்பினாள். முதல் குப்பி கறுப்பு, கெட்டி, முதல் தரம். நாலாவது குப்பியில் கறுப்பு குறைந்து காப்பி நிறமானது. எட்டாவதில் தேன் ஈர்க்கிலில் நிற்காமல் சொட்டியது. பன்னிரண்டாவதில் நீர் கூடி, மணம் இறங்கி, வேறு யார் கொண்டுவந்திருந்தாலும் மூன்றாம் தரம் என்று ஒதுக்கியிருப்பாள். தேன் நீர்த்துப்போனால் ஊற்று வற்றுகிறது என்று அர்த்தம், இது அவள் தொழிலில் அரிச்சுவடி. பெல்சியோ அங்கே ஈர்க்கிலாக மெலிந்துகொண்டிருந்தாள். எனக்க பிள்ளையை இந்த ஈக்கள் உறிஞ்சிக் குடிக்குது, ஊரே நாக்கைச் சப்புக்கொட்டித் தின்னுது, என்று அவளுக்குள் ஒரு பயம் புகுந்து, புகுந்தது வளர்ந்தது.

பயத்துக்குமேல் பயமாக, புரட்டாசியில் ஒருநாள் காலையில் முற்றத்தில் மூன்றுக்குப் பதில் ஐந்து பெட்டிகள் இருந்தன. கேட்டால், மழையில் எங்கேயும் பூவில்லை பாருங்க, ரெண்டு நாள் இருக்கட்டும் அக்கா என்றான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்த சங்கத்து ஆள். அடுத்த வாரம் பதினொன்று. ஐப்பசி பாதியாவதற்குள் நாற்பத்தொரு பெட்டிகள் வாசல்படிவரை வந்துவிட்டன, வீட்டுக்குள் போகக் காலை எடுத்து வைக்க இடமில்லை, ஜன்னலில் ஈக்களின் இரைச்சல் மோட்டார் ஓடுகிற மாதிரி கேட்டது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து சொன்னாள். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். "மழை விடட்டும் அக்கா" என்றார்கள்.

மழை விடவில்லை. ஐப்பசி கடைசியில், பதினேழாவது குப்பி கிட்டத்தட்டத் தண்ணீராக இருந்த அன்று, ரோஸ்லெட் ஜன்னலை அடைத்தாள், இடுக்குகளில் பழந்துணி செருகினாள், துணி வெளுக்கும் அண்டாவில் சீனிப்பாகு காய்ச்சி, நாற்பத்தொரு பெட்டிக்குள்ளும் நாற்பத்தொரு சிரட்டை வைத்து நிரப்பினாள். வாழ்நாள் முழுவதும் எந்தச் சீனியைத் துப்பினாளோ அதைத் தன் கையாலேயே ஊற்றினாள். பாகு காலடியில் கிடைக்கும்போது ஈ பறந்து போகாது. மூன்றே நாளில் ஜன்னல் பக்கம் ஒரு ஈ கிடையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை கரண்டியோடு வந்தவர்கள் வாயில் போட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள், ஒருவருக்கும் கண் கலங்கவில்லை. குமாரதாஸ் ஒரு துளி தொட்டுப் பார்த்தார். அது சீனி என்று அவருக்கே தெரிந்தது.

"அக்கா, உங்க பெட்டியிலயா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆமா. நாந்தான் வச்சேன்" என்றாள் ரோஸ்லெட்.

அன்று சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டுப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள், போகும்போது முற்றத்தைப் பெருக்கிக்கூட விட்டுப்போனார்கள், அந்த மரியாதை அவளுக்கு அறை வாங்குவதைவிட அதிகமாக வலித்தது. வலித்தால் வலிக்கட்டும், பிள்ளை பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் பெல்சி தேறவில்லை. மெலிந்திருந்த உடம்பு ஊத ஆரம்பித்தது. முதலில் பாதம், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. பிறகு முழங்கால், பிறகு வயிறு. மார்கழியில் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கண்கள் மட்டும் காய்ந்துபோய், இமை ஒட்டி, ஈரத்துணியால் துடைத்துத் திறக்க வேண்டியிருந்தது. கஞ்சி புகட்டினால் கடைவாயில் வழிந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், நீர் இறங்க மருந்து கொடுத்தார்கள், இறங்கவில்லை. உடம்பு முழுக்க நீர் நிற்கிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை, இருதயத்தில் குறை இல்லை, ஈரலில் குறை இல்லை என்றார் டாக்டர். தை பிறந்து பத்தாம் நாள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். மகளை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு ரோஸ்லெட் அவள் புருஷனுக்குப் போன் போட்டாள், டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

போனை வைத்தவள் அடுக்களைக்குப் போனாள். என்ன செய்வதென்று தெரியாத கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. அலமாரியிலிருந்து பதினேழு குப்பிகளையும் இறக்கி, தேதி வரிசையில் தரையில் வைத்தாள். கஞ்சித்தண்ணியும் சிரட்டையும் ஈர்க்கிலும் எடுத்துக்கொண்டு உச்சிவெயில் நேரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இதுவரை அந்தந்த வாரத்துத் தேனை அந்தந்த வாரம்தான் ருசி பார்த்திருக்கிறாள், தரம் போட்டிருக்கிறாள். ஒன்றை ஒன்றோடு வைத்து, வேம்பையும் முருங்கையையும் ஒப்புப் பார்க்கிற மாதிரி, அடுத்தடுத்துப் பார்த்ததில்லை.

முதல் குப்பியில் அந்தக் கசப்பு இருந்தது, வேறெதுவும் நுழைய இடமில்லாமல். நாலாவதில் கசப்புக்கு அடியில் ஆஸ்பத்திரி வாடையும், புதுத் துவர்த்தின் கஞ்சிப்பசையும் இருந்தன. ஒன்பதாவதில் பால். குடிக்கப் பிள்ளையில்லாமல் பெல்சிக்கு மூன்றாம் நாள் சுரந்த பால், ரோஸ்லெட்டே மல்லிகைப்பூ வைத்து இறுக்கிக் கட்டி வற்றவைத்த பால், அது வற்றவில்லை, இங்கே இருந்தது. பதின்மூன்றாவதைத் தொட்டு நாக்கில் வைத்தாள், அதில் அவளே இருந்தாள், பாக்கண்டாம் மக்ளே என்ற தன் சொல்லும், நீட்டிய கை நீட்டியபடியே நின்ற அந்த நேரமும், தன்மேல் மகளுக்கிருந்த அத்தனை கோபமும், மிளகாய் அரைத்த அம்மியில் நாக்கை வைத்த மாதிரி. துப்பினாள், கொப்பளித்தாள், அழுதாள், மேலே போனாள். பதினேழாவது குப்பி, மூன்றாம் தரத்துக்கும் கீழே என்று அவள் பயந்துபோய் ஒதுக்கிய அந்தத் தண்ணீர்த்தேன், நாக்கில் வைத்ததும் கசக்கவே இல்லை. மெல்லிசாக, லேசான உப்போடு இனித்தது. அந்த ருசி அவளுக்குத் தெரியும். அழுது ஓய்ந்து மடியில் படுத்துத் தூங்கும் ஆறு வயதுப் பெல்சியின் கன்னத்தில் முத்தம் கொடுத்தால் உதட்டில் ஒட்டும் ருசி.

வற்றவில்லை. தெளிந்துகொண்டிருந்தது. தேன் கெட்டியாக இருந்தால் நல்லது, நீர்த்தால் கேடு என்று தேன்காரியாக நினைத்து, பிள்ளையின் துக்கத்துக்குத் தரம் போட்டு, அது குறையக் குறைய பயந்திருக்கிறாள். இன்னும் இரண்டு குப்பி, மிஞ்சினால் மூன்று, அவ்வளவுதான் பாக்கி இருந்திருக்கும், அதற்குள் தன் கையாலேயே வழியை அடைத்து, மகளைத் தன் கண்ணீருக்குள்ளேயே மூழ்கவிட்டிருக்கிறாள். ரோஸ்லெட் தலையில் அடித்துக்கொண்டாள், அடித்துக்கொள்ளவும் நேரமில்லை என்று எழுந்தாள்.

ஜன்னல் துணிகளைப் பிடுங்கி எறிந்தாள். பெட்டிச் சிரட்டைகளைக் கவிழ்த்தாள். வெளியே தை வெயிலில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துச் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தன, ஒவ்வொரு இளங்காம்பிலும் தேன் கசிந்து மினுங்கியது, ஊரின் மொத்த ஈயும் அங்கேதான் இருந்தது. ஒரு பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மகளின் கட்டில் தலைமாட்டில் வைத்துத் திறந்தாள். ஈக்கள் எழும்பி அறையை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியே ரப்பர்க் காட்டுக்குப் போயின, ஒன்றுகூடப் பெல்சியின் முகத்தில் உட்காரவில்லை.

குமாரதாஸ் வீட்டுக்கு ஓடினாள், செருப்புப் போட மறந்து.

"பெட்டியெல்லாம் திருப்பிக் கொண்டு வாங்க. உங்க காலப் பிடிக்கேன். எனக்க பிள்ள முங்கிச் சாவுது."

குமாரதாஸ் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "கொண்டு வரலாம் அக்கா, இப்பமே அத்தன பெட்டியும் கொண்டு வரலாம். ஆனா ரப்பர் தளிர் வந்தாச்சு. அத விட்டுட்டு ஈ எங்கயும் போவாதே. உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்? தளிர் முற்றி ஈ வேறிடம் தேட இன்னும் ஐம்பது நாள் ஆகும், பெல்சியின் நெஞ்சுக்குள் தண்ணீர் தொண்டைக்குழிவரை வந்துவிட்டது. ரோஸ்லெட் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வீட்டுக்கு நடந்தாள். தலைக்குமேல் ஈக்கள் போய்க்கொண்டிருந்தன.

கட்டில் பக்கத்தில் மண்டியிட்டாள். பழக்கத்தில் ஈர்க்கிலைக் கையில் எடுத்திருந்தாள், அதைக் கீழே போட்டாள். குனிந்து, மகளின் ஒட்டிப்போன இமையோரத்தில், ஈ உட்காரும் அந்த இடத்தில், நாக்கை வைத்தாள். ஒன்றுமில்லை, காய்ந்த தோலின் ருசிதான். வைத்தபடியே இருந்தாள். வெயில் ஜன்னலிலிருந்து கட்டில்கால் வரை நகர்ந்தது. அப்போது இமை சற்று விலகி ஒரு துளி வந்தது, ஒரே துளி, கறுப்புக் கசப்பு, முதல் குப்பியைவிட மோசம். நாக்கு தன் இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தில் அதைச் சிரட்டை இருக்கும் திசையில் துப்பியது.

கண் மூடிக்கொண்டது. ரோஸ்லெட் அதைப் பார்த்தாள், கதவு சாத்துகிற மாதிரி இமை இறங்கியதைப் பார்த்தாள், தான் என்ன செய்தோம் என்று உடனே புரிந்தது. "இல்ல மக்ளே, இனி துப்பமாட்டேன். சத்தியமாட்டு துப்பமாட்டேன்" என்று கெஞ்சினாள். மறுபடி நாக்கை வைத்தாள். இந்தத் தடவை துளி சீக்கிரம் வந்தது. விழுங்கினாள். தொண்டையெல்லாம் எரிந்தது. இன்னொன்று வந்தது, விழுங்கினாள். பால் வந்தது, விழுங்கினாள். தன் சொல் வந்தது, நீட்டிய கை வந்தது, வாயெல்லாம் பற்றி எரிந்தது, அதையும் விழுங்கினாள். ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் போனாள், அதற்குள் இது வழிந்தது, நாக்கு போதாமல் உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள், பெல்சியின் நெஞ்சுக்குள் அந்தக் குடத்துச் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது பெல்சி, சாயங்காலம் அம்மா சங்கத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக இன்றைக்கு வந்த தேன் எப்படிம்மா இருந்துது என்று கேட்பாள், ரோஸ்லெட் ஒவ்வொன்றாகச் சொல்வாள், நிறம், மணம், முதலில் என்ன வந்தது, கடைசியில் என்ன நின்றது என்று. எட்டு மாதத்துக்குப் பிறகு பெல்சி வாய் திறந்தபோது குரல் துருப்பிடித்திருந்தது.

"எப்படிம்மா இருந்தா?"

ரோஸ்லெட் நிமிர்ந்தாள். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான், பார்த்ததை யாரிடமும் சொல்லாமல் வாயை மூடி வைத்திருந்தவளும் அவள்தான்.

"முடி நல்ல கறுப்பு மக்ளே. நெத்தி வரைக்கும் கெடந்துது. மூக்கு உனக்க அப்பனுக்க மூக்கு" என்றாள். "இடது காது நுனி கொஞ்சம் மடங்கி இருந்துது, நான் நிமித்தி விட்டேன், பெறவும் மடங்கிச்சு. வெரலு நீளம். நகமெல்லாம் வந்திருந்துது. வலது கையைச் சுருட்டி வச்சிருந்தா, என்னத்தையோ பிடிச்சிருக்கது மாதிரி."

"வெயிட்டா இருந்தாளா?"

"இருந்தா. எனக்க கைக்கு இப்பமும் தெரியுது."

அப்போதுதான் பெல்சி அழுதாள், வாயைத் திறந்து, ஊர் கேட்க, கிணற்றடியில் நின்ற புஷ்பபாய் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாசல்படியில் நின்று, உள்ளே வராமல் தானும் அழுதாள். ரோஸ்லெட் சொல்லிக்கொண்டே இருந்தாள், புருவம், உதடு, பாதத்தின் மடிப்பு, எதையும் விடவில்லை.

அன்றோடு ரோஸ்லெட்டின் நாக்கு போயிற்று. ரப்பரும் வேம்பும் முருங்கையும் அவளுக்கு ஒன்றுபோலக் கசந்தன, வெறும் கஞ்சியும் கசந்தது, சாகும்வரை அந்தக் கசப்பு போகவில்லை. சங்கத்தில் வேறொருத்தியை வைத்துக்கொண்டார்கள். வீக்கம் வடிந்து பெல்சி எழுந்து நடந்த பிறகு, பங்குனியில் ஒரு காலை, குமாரதாஸ் பதினேழு சீட்டுகளைக் கொண்டுவந்து தயங்கிக்கொண்டு நின்றார், கணக்கு முடிக்க வேண்டும், அந்த ஒரு இடம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது என்றார். பெல்சி பேனாவை வாங்கி, அடுக்களைத் தரையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாக எழுதி ஒட்டினாள். பூவின் பெயர் என்ற இடத்தில், பதினேழு குப்பியிலும், ஜெமிமா என்று இருந்தது.